ஏரிச் சாலையில் 1,023 புள்ளிகள்

வணக்கம் மக்களே. காலை ஆறரை மணி, கொடைக்கானல் ஏரிக்கரை, பனிமூட்டத்தில் எதிர்க்கரையே தெரியவில்லை. அதனால் இன்று சுற்றிக்காட்டுவதை விட்டுவிட்டுக் கணக்குப் பேசலாம், ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த ஒன்று.

ஏரியைச் சுற்றும் இந்தச் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். சரியாக 5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். படகுத்துறைதான் பூஜ்யம். எத்தனையாவது கிலோமீட்டரில் நிற்கிறீர்களோ அதை இரட்டியுங்கள், 5ஐத் தாண்டினால் 5ஐக் கழித்துவிடுங்கள். 1இல் நிற்பவர் 2க்குப் போவார், அப்புறம் 4, அப்புறம் 8, அதாவது 3, அப்புறம் 6, அதாவது மறுபடி 1! நாலே தாவலில் புறப்பட்ட இடம். இப்படித் திரும்பி வருவதுதான் காலமுறைப் புள்ளி. கிலோமீட்டரின் பின்னங்களில் நிற்பவர்களையும் சேர்த்தால், நாலு தாவலில் திரும்புபவை மொத்தம் 15, பத்துத் தாவலில் 1,023.

ஒரு நிமிஷம், குதிரை வருகிறது, ஓரமாக நின்றுகொள்கிறேன்.

சரி, இப்போது ஓர் உருண்டையை எடுத்துக்கொள்வோம், இந்தச் சாலைதான் அதன் நடுக்கோடு. தீர்க்கரேகையை இரட்டிக்கும் அதே விதி. திரும்பி வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எடை உண்டு: அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்தில் ஒரு முறை நடந்து வாருங்கள், நிற்கும் இடத்திலிருந்து தாவிச் சேரும் இடத்தைக் காட்டும் அம்பு அதற்குள் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் எடை. பத்துத் தாவலுக்குப் பிறகு, திரும்பி வரும் புள்ளிகளின் எடைகளைக் கூட்டினால் 1,025 வரவேண்டும் என்கிறது கணிதவியலாளர் லெஃப்ஷெட்ஸின் சூத்திரம். ஆனால் இரட்டிப்பதோடு ஒவ்வொரு தாவலிலும், துருவங்களில் நிற்பவர்களைத் தவிர, எல்லாரையும் கொஞ்சம் வடக்கே தள்ளிவிட்டால்? வடக்கே போனவர் திரும்ப வழியே இல்லை, எத்தனை முறை தாவினாலும் காலமுறைப் புள்ளிகள் இரண்டு துருவங்கள் மட்டும்தான். சூத்திரம் பொய்க்கவில்லை. வடதுருவத்தின் எடை 1, தென்துருவம் ஒன்றே மீதி 1,024ஐயும் சுமக்கிறது!

ஒரே புள்ளி இவ்வளவு எடையைச் சுமப்பது எப்படிச் சாத்தியம் என்றுதான் நான் பல நாள் யோசித்தேன். என் தலையில் இருக்கும் இந்தக் கம்பளிக் குல்லாவைப் பாருங்கள், உச்சியில் நூலை இழுத்துச் சுருக்கிக் கட்டியிருக்கிறார்கள் அல்லவா, அப்படியொரு சுருக்கு அந்தத் தென்துருவத்தில் இருக்கிறது. அங்கே சார்பு, அதாவது நம் தாவல் விதி, தொடர்ச்சியானதுதான், ஆனால் வகையிட முடியாது. வகையிட முடிந்தால், மிக அருகில் போய்ப் பார்க்கும்போது அது நேரியல் சார்பு போலத் தெரியவேண்டும். எல்லாத் திசையிலும் வெளியே தள்ளும் நேரியல் சார்பு ஒரு சின்ன வட்டத்தை நீள்வட்டமாக இழுக்கும், ஆனால் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றவைக்கும். இரண்டு சுற்று வேண்டுமென்றால் வகைக்கெழு அங்கே பூஜ்யமாக வேண்டும், ஆனால் பூஜ்யமானால் அந்தப் புள்ளி அக்கம்பக்கத்தைத் தள்ளாது, தன்னிடம் இழுத்துக்கொள்ளும். கலப்பெண்களில் வர்க்கமாக்கும் சார்பு அப்படித்தான்: இரண்டு துருவமும் இழுக்கின்றன, ஆளுக்கு எடை 1, மீதி 1,023ம் நடுக்கோட்டில், நம் ஏரிச் சாலையில் எண்ணிய அதே 1,023!

இதைப் பொதுவாக நிறுவியவர்கள் கணிதவியலாளர்கள் மைக்கேல் ஷப்பும் டென்னிஸ் சலிவனும், 1974இல். மூடிய மேனிஃபோல்டு, அதாவது உருண்டையின் மேற்பரப்பு போல ஓரமில்லாமல் மூடிய வெளி, எதுவானாலும் சரி, சார்புக்குத் தொடர்ச்சியான முதல் வகைக்கெழு இருந்தால் போதும், தனித்து நிற்கும் ஒரு புள்ளியின் எடை எத்தனை தாவலுக்கும் ஓர் எல்லையைத் தாண்டாது. ஆகவே எடைகளின் மொத்தம் எல்லையில்லாமல் வளர்ந்தால் காலமுறைப் புள்ளிகள் முடிவிலியாக இருந்தே தீரவேண்டும்.

ஆனால் எவ்வளவு வேகமாகப் பெருகும்? ஒவ்வொரு தாவலுக்கும் இரட்டிக்கும் வேகத்தில் பெருகுமா? 2006 மாட்ரிட் கணிதவியலாளர் மாநாட்டிலும் ஷப் இந்தக் கேள்வியை உருண்டைக்கே வைத்தார். இதோ, பனி விலகுகிறது, படகுத்துறை தெரிகிறது. இன்னொரு சுற்று நடந்துகொண்டே அதை யோசிக்கப் போகிறேன்.