லாத்தே கேட்டால் பால்தான் வரும்

[காட்சி: ரோம், காலை எட்டு மணி, கூட்டம் நெருக்கும் ஒரு பார்]

ரோமுக்குப் போன முதல் நாள் காலையில் ஒரு பாரில் நுழைந்து 'லாத்தே' என்று கேட்டேன். பார் என்றதும் வேறு எதையும் நினைக்க வேண்டாம், அங்கே காபிக்கடைக்கே அதுதான் பெயர். கவுன்டரில் இருந்தவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு ஒரு கண்ணாடி டம்ளர் நிறையப் பாலை ஊற்றி நீட்டினார். அவர்மேல் தப்பே இல்லை. லாத்தே என்றால் இத்தாலிய மொழியில் பால், அவ்வளவுதான்.

சரி, காபி வேண்டுமென்றால்? 'உன் கஃபே' என்று சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், அங்கே 'உன்' என்றால் 'ஒரு'. வருவது எஸ்பிரெஸோ: ஏழு கிராம் பொடி, சுமார் 25 வினாடி, 30 மில்லிக்கு மேல் போகாது.

[காட்சி: கவுன்டர், நெருக்கத்தில்]

முதலில் சாசர் ணங் என்று விழும், அதில் ஒரு குட்டி ஸ்பூன், அப்புறம் விரல் சுடுகிற கனமான கப். பக்கத்தில் நிற்கிறவர் சர்க்கரை போட்டுக் கலக்கி, மூன்று மடக்கில் குடித்து, 'சாவ்', அதாவது வரட்டுமா, சொல்லிவிட்டுப் போயே விடுவார், நாம் இன்னும் போட்டோ எடுத்துக்கொண்டிருப்போம்.

இந்த வேகம் மெஷினிலேயே இருக்கிறது. மிலானின் லூயிஜி பெட்சேரா 1901-ல் காப்புரிமை வாங்கிய நீராவி மெஷின், கேட்டவருக்குக் கேட்டவுடன் ஒவ்வொரு கப்பாக இறக்கித் தந்தது. மேலே படிகிற அந்தப் பொன்னிற நுரை, அதாவது கிரேமா, பின்னால் அகில்லே காஜ்ஜாவின் லீவர் மெஷினோடு வந்தது.

நெரிசலான கடைகளில், முக்கியமாக ரயில் நிலையங்களில், முதலில் காசா என்கிற கல்லாவில் பணம் கட்டி ஸ்கொன்த்ரீனோ என்ற ரசீதை வாங்கி, அதைக் கவுன்டரில் வைத்து வேண்டியதை மறுபடி சொல்ல வேண்டும். கவுன்டரில் வரிசை கிடையாது, அங்கே இருப்பவரின் கண்ணில் பட வேண்டியதுதான். நின்று குடித்தால் பெரும்பாலும் ஒன்றரை யூரோவுக்குள் முடிந்துவிடும். அதே காபிக்கு உட்கார்ந்தால் விலையே வேறு, வெனிஸில் 1720-லிருந்து இருக்கும் ஃப்ளோரியன் என்ற காபிக்கடையில் வெளியே உட்காரும்போது வாத்தியக்குழு வாசித்தால் இசைக்கும் தனியாகப் பில்லில் ஏறும். உட்காரும் முன் விலைப்பட்டியலைப் பாருங்கள்.

பதினொரு மணிக்கு மேல் பால் நுரை நிறைந்த கப்புச்சினோ கேட்டால் துரத்திவிடுவார்கள் என்கிறார்களே, நிஜமா? மாட்டார்கள், அது கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கிய கதை. வயிறு நிறையச் சாப்பிட்டபின் அவ்வளவு பாலா என்பதுதான் அவர்கள் யோசனை. எனக்கு மதியத்திலும் பால் இல்லாமல் முடியாது, அதனால் மக்கியாத்தோவுக்கு மாறிவிட்டேன். எஸ்பிரெஸோவில் ஒரு சொட்டுப் பால், யாரும் புருவம் தூக்க மாட்டார்கள்.

[காட்சி: ட்ரியெஸ்தே துறைமுகம்]

இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு அதே இத்தாலியின் ட்ரியெஸ்தே ஊருக்குப் போனால் எல்லாம் மாறிவிடும். அங்கே எஸ்பிரெஸோ 'நேரோ', மக்கியாத்தோ 'காப்போ', அதையே சின்னக் கண்ணாடி டம்ளரில் கேட்டால் 'காப்போ இன் பி'. மறுபடி முதல் நாள் மாதிரியே கவுன்டரில் விழித்துக்கொண்டு நின்றேன்.