கை கால் அசையாதவர் எப்படிப் பார்க்கிறார்?

அடுத்த கேள்வி. "பார்வைங்கிறது தலைக்குள்ள விழுற படம் இல்ல, உடம்பால செய்ற ஒரு வேலைன்னு தத்துவவாதி ஆல்வா நோயே சொல்றதா சொன்னீங்க. அப்ப கை கால் செயலிழந்து படுத்திருக்கிறவருக்கு எப்படிக் கண்ணு தெரியுது?"

நல்லாக் கேட்டீங்க. நிறைய பேர் இந்த இடத்துலதான் அந்தக் கொள்கையைத் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. 2001-ல உளவியலாளர் கெவின் ஓ'ரீகனும் நோயேவும் சேர்ந்து எழுதின கட்டுரையிலயும் சரி, 2004-ல வந்த நோயேயோட புத்தகத்துலயும் சரி, இந்த நிமிஷம் அசைஞ்சாத்தான் பார்க்க முடியும்ங்கிறது வாதம் இல்ல. ஒரு பந்தை எடுத்துக்குங்க. கண்ணுல படுறது முன்பக்கம் மட்டும்தான். ஆனா அரைப் பந்தாவா தெரியுது? முழுசாத்தானே தெரியுது! கொஞ்சம் நகர்ந்தா அந்தத் தோற்றம் எப்படி மாறும்னு நமக்குப் பழக்கம். அந்தப் பழகின அறிவு இல்லாம பார்வை இல்லைங்கிறாங்க. படுத்திருக்கிறவருக்கு நகர்ற சக்திதான் போச்சு, அந்த அறிவு போகல.

சரி, பிறந்ததுலேர்ந்தே கண்ணை அசைக்க முடியாதவங்கன்னா? அப்படி ஒருத்தரைப் பத்தி 1997-ல கில்கிறிஸ்ட்ங்கிற ஆய்வாளரோட குழு எழுதினாங்க. கண் தசை இறுகிப்போய் கண்ணே திரும்பாது. ஆனா அவங்க படிக்கிறாங்க, தேடுறாங்க. எப்படி? நம்ம கண்ணு வெடுக்கு வெடுக்குன்னு தாவுற மாதிரி அவங்க தலை தாவுது! கண்ணோட வேலையைக் கழுத்து எடுத்துக்கிச்சு. எனக்கு இது பெரிய அதிசயம்.

நோயேயோட கொள்கைக்கு நிஜமான சிக்கல், குடேல், மில்னர்ங்கிற மூளை ஆய்வாளர்கள் ரெண்டு பேரும் 1992-ல வெச்ச கொள்கையிலேர்ந்து வருது. அவங்க ஆராய்ஞ்ச டி.எஃப்.-ங்கிற பெண்மணிக்கு மூளை பாதிப்பு. ஒரு நீளத் துளை எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு அவங்களால சொல்ல முடியல. ஆனா கையில அட்டையைக் கொடுத்து உள்ள போடச் சொன்னா, கை சரியாத் திரும்பிப் போட்டுடுது. அதனால, காண்றதுக்கு ஒரு பாதை, கையை நடத்துறதுக்கு வேற பாதைன்னாங்க. செயல்லதான் பார்வை இருக்குன்னா, ரெண்டும் எப்படி இப்படிப் பிரியும்?

நோயே பதில் சொல்றார்: நான் பேசுறது கை நீட்டுற திறமையை இல்ல, நகர்ந்தா தோற்றம் எப்படி மாறும்ங்கிற அறிவை. நியாயம்தான். ஆனா அது வெறும் எதிர்பார்ப்புதான்னா, மூளையே அதைத் தனியா வெச்சுக்கலாமே, உடம்பு எதுக்கு? இந்த இடத்துல அவர் பதில் எனக்குப் போதலைங்க.