பேரச் சொல்லி அழணும் – கொடிநாள் கூட்டத்துல பேசினது

எல்லாருக்கும் வணக்கம். முன்னாடி உக்காந்திருக்கிற எக்ஸ் சர்வீஸ்மேன் அண்ணன்மாருக்கும், அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற அம்மாமாருக்கும், எங்க அண்ணிக்கும் வணக்கம்.

கொடிநாள்னு 1949லருந்து வருஷா வருஷம் டிசம்பர் 7 கொண்டாடுறோம், உண்டியல்ல காசு போடுறோம், சட்டையில சின்னக் கொடியக் குத்திக்கிறோம். நல்ல காரியம்தான், செத்தவங்க குடும்பத்துக்கும் அடிபட்டவங்களுக்கும் போற காசு அது. ஆனா நான் இன்னிக்கு காசப் பத்தி பேச வரல, எங்க அண்ணனப் பத்தி பேச வந்தேன். இந்த ஊர்ல அவரப் பத்தி மைக்குல யாரும் பேசினதில்ல, நானும் பேசினதில்ல.

அவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட், வெலிங்டன்ல ட்ரெய்னிங் முடிச்சவர். 1987 ஜூலை 29ல இந்தியா-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, அமைதிப்படைன்னு பேர் வச்சு இலங்கைக்கு அனுப்பினாங்க. போன புதுசுல இன்லேண்ட் லெட்டர் போட்டாரு, "இங்க எல்லாரும் நம்ம பேச்சுதான் பேசுறாங்க, கேக்க நல்லா இருக்கு, ஒரு வீட்டுல கூப்பிட்டு டீ குடுத்தாங்க, அம்மா கிட்ட சொல்லு"ன்னு எழுதியிருந்தாரு. அக்டோபர்ல விடுதலைப் புலிகளோட சண்டை ஆரம்பிச்சிடுச்சு. ஐப்பசி மழையில தந்தி வந்துச்சு. அப்ப நம்ம ஊர் வட ஆற்காடு மாவட்டத்துல இருந்துச்சு, தந்தியில விலாசம்கூட அப்படித்தான் இருக்கும். அண்ணிக்கு கல்யாணமாகி ரெண்டு வருஷம்.

உடம்பு வரல, சாம்பல்தான் வந்துச்சு. அப்புறம் கறுப்பு ட்ரங்க் பெட்டி ஒண்ணு, பேரும் நம்பரும் வெள்ளை பெயிண்ட்ல எழுதினது. இப்ப இருக்கிற பசங்களுக்கு இது புரியாது. 62, 65, 71 சண்டையிலல்லாம் பெரும்பாலும் சண்டை நடந்த எடத்துக்குப் பக்கத்துலயே எரிச்சிடுவாங்க இல்ல பொதைச்சிடுவாங்க, 1999 கார்கில் சமயத்துலதான் கொடி போத்தின பெட்டி ஊர் ஊரா வர ஆரம்பிச்சுது. ஊரே கூடி அழறதுக்கு ஒரு உடம்பு வேணும்ங்க. எங்களுக்கு அது கிடைக்கல.

உடம்பு இருந்திருந்தாலும் ஊர் கூடி அழுதிருக்குமான்னு எனக்குத் தெரியல, இத நான் மறைக்காம சொல்லணும். அப்ப தமிழ்நாட்டுல ஈழத்து சனங்க மேல இருந்த பாசம் உங்களுக்குத் தெரியும், 83 இலங்கைக் கலவரத்துக்கு அப்புறம் எங்கப்பாவே உண்டியல் வந்தா கையில இருக்கிறதப் போட்டு அனுப்புவாரு. அந்த மனுஷன டீக்கடையில வச்சு ஒருத்தர் கேட்டாரு, "உன் மவன் போயி நம்ம சனத்தத்தானே சுட்டான்"னு. அப்பா ஒண்ணும் சொல்லல, டீய பாதியில வச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு, அதுக்கப்புறம் அந்தக் கடைப் பக்கமே போகல. அண்ணன் போட்டோ பல வருஷம் கூடத்துல மாட்டல, உள்ரூம்ல நெல்லு மூட்டைக்குப் பின்னாடிதான் இருந்துச்சு. 1990 மார்ச்ல கடைசிப் படை கப்பல் ஏறி மெட்ராஸ் வந்தப்ப மாநில அரசு வரவேற்பு எதுவும் இல்ல. அந்தச் சண்டையில அங்க இருந்த சனங்க பட்ட பாடும் செத்த உசுரும் பொய்யில்ல, அதுக்கு நான் நியாயம் சொல்ல வரல. ஆனா நம்ம ராணுவத்துல 1,100 பேருக்கு மேல அங்க செத்தாங்க, அதுல தமிழ்ப் பசங்களும் இருந்தாங்க, அவங்க வீட்டுல யார் கிட்ட போயி அழுவாங்க சொல்லுங்க.

நான் தமிழ் வாத்தியாரா இருந்தவன். எனக்கு இதுக்கு வழி கிடைச்சது நடுகல்லுலதான். தேனி மாவட்டத்துல புலிமான்கோம்பைன்னு ஒரு ஊர், 2006ல அங்க கண்டுபிடிச்ச ஒரு கல்லுல தமிழ் பிராமி எழுத்துல எழுதியிருக்கு, "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்". அவ்ளோதான். கூடலூர்ல நடந்த மாடு பிடி சண்டையில செத்த தீயன் அந்தவன் கல்லு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கல்லு, அவன் மாட்ட ஓட்டிட்டு வரப் போனவனா மீட்கப் போனவனான்னு அது பிரிச்சுச் சொல்லல. மாட்டக் கவரப் போறது வெட்சி, மீட்கப் போறது கரந்தை, ரெண்டு பக்கத்துல செத்தவனுக்கும் நம்மாளுங்க கல்லு நட்டிருக்காங்க. அந்த சண்டை சரியா தப்பான்னு தீர்ப்பு வர்ற வரைக்கும் அந்தவனோட அம்மாவ யாரும் காக்க வைக்கல.

நம்ம பக்கத்துலயே செங்கம் இருக்கு, அங்க எடுத்தனூர் கல்லு, பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளக் காக்கப் போயி செத்த கருந்தேவக்கத்தின்னு ஒரு ஆளுக்கு நட்டது, பக்கத்துல அவன் நாயும் செதுக்கியிருக்கு, அந்த நாய் கள்ளனக் கடிச்சு காவல் நின்னுச்சாம், அது பேரு கோவிவன்னு எழுதி வச்சிருக்காங்க. நாயோட பேருங்க! இதுக்கு அப்புறம் ஆயிரத்து முன்னூறு வருஷம் கழிச்சு வெள்ளக்காரன் ஒரு கல்லு வச்சான், சில ஊர்ல இப்பவும் பாக்கலாம், இந்த ஊர்லருந்து 1914-1919 பெரிய சண்டைக்கு இத்தன பேர் போனாங்க, இத்தன பேர் உசுர விட்டாங்கன்னு நம்பர் மட்டும் போட்டிருக்கும். பேரே இருக்காது. அந்தக் கல்லப் பாத்தா எனக்கு வயிறு எரியும், யாரோட புள்ளன்னு எவனுக்குத் தெரியும் இப்ப.

பேரு இருந்தும் தெரியாம போறதும் உண்டு. மெட்ராஸ்ல ஆற்காடு ரோட்டுல பரமேஸ்வரன் விஹார்னு குடியிருப்பு இருக்கு, தினம் எத்தன பேர் அந்த விலாசம் சொல்லி ஆட்டோ ஏறுறாங்க. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25ல இலங்கையில செத்தவர், பரம்வீர் சக்ரா வாங்கினவர், எங்க அண்ணன் போன அதே சண்டை.

திருச்சி மேஜர் சரவணனுக்கு அந்தக் குறை இல்ல. கார்கில்ல பட்டாலிக் மலையில மே 29ல விழுந்தாரு, உடம்ப எடுக்க முடியாம ஒரு மாசத்துக்கும் மேல பனியிலயே கிடந்துச்சு, அவர் செத்துட்டாருன்னு தெரிஞ்சும் உடம்புக்காக அந்தக் குடும்பம் காத்திருந்த அந்த நாளுங்கள நான் அடிக்கடி நெனைச்சுப் பாப்பேன். இப்பவும் வருஷா வருஷம் அதே நாள்ல திருச்சி நினைவிடத்துல மாலை விழுது.

2019 பிப்ரவரியில டெல்லியில தேசிய போர் நினைவுச் சின்னம் திறந்தாங்க. அந்த வருஷம் குளிர்காலத்துல அண்ணியக் கூட்டிட்டுப் போனேன். அங்க தியாக சக்கரம்னு வட்ட வட்டமா சுவரு, ஒரு கல்லுக்கு ஒரு பேரு, 25,000க்கு மேல. பேர தேடிக் கண்டுபிடிக்கிறதுக்கு நேரமாச்சு. அண்ணி கல்லக் கிட்ட போயி முந்தானையால துடைச்சாங்க, அது சுத்தமாத்தான் இருந்துச்சு, ஆனாலும் துடைச்சாங்க, துடைச்சிட்டு "இவ்ளோ பேருக்கு நடுவுல இருக்காரே, தனியா இல்ல"ன்னாங்க.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு படி சொல்லுது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லத் தேடிப் பாக்கணும், எடுத்துட்டு வரணும், தண்ணியில குளிப்பாட்டணும், நடணும். நட்டதோட முடியல பாருங்க, அதுக்கு மேல ரெண்டு இருக்கு, படைக்கணும், வாழ்த்திப் பேசணும். நாம இப்பல்லாம் நாலாவது படியிலயே நிறுத்திடுறோம், சிலை வைக்கிறோம், ரோட்டுக்கு பேர் வைக்கிறோம், மந்திரி வந்து மாலை போட்டுட்டு போறாரு, அப்புறம் காக்கா உக்காருது.

அஞ்சாவது படிய எங்கம்மா விடல. அதியமான் செத்தப்ப ஔவையார் கேட்டாங்கல்ல, நாட்டையே குடுத்தாலும் வாங்காதவன் இப்ப கல்லுக்கு முன்னாடி சின்னக் கலயத்துல ஊத்துற கள்ள வாங்கிப்பானான்னு. எங்கம்மா எந்தப் பாட்டும் படிச்சதில்ல, ஆனா ஐப்பசி வந்தா எள்ளுருண்டை உருட்டி, அவர் லீவுல வந்தா குடிக்கிற பெரிய எவர்சில்வர் டம்ளர்ல டீ போட்டு அந்த நெல்லு மூட்டை ரூம்ல வச்சிட்டு கதவ சாத்திட்டு உக்காந்திருப்பாங்க. ஊருக்குத் தெரியாம நடந்த படையல் அது. ஈழத்துலயும் புள்ளைங்களப் பறிகுடுத்த தாய்மாரு, செத்த போராளிங்களப் பொதைச்ச துயிலும் இல்லத்த இடிச்சுத் தரைமட்டமாக்கின எடத்துல போயி விளக்கு ஏத்துறாங்க. எங்கண்ணனுக்கு டீ குடுத்த வீட்டுலகூட அப்படி ஒரு தாய் இருக்கலாம், எங்கம்மா இருந்திருந்தா அந்தம்மாவப் பாத்து ரெண்டு பேரும் சேந்து அழுதிருப்பாங்கன்னு நான் நம்புறேன்.

ஆறாவது படிதான் பாக்கி. இவ்ளோ நேரம் பேசினேன், எங்கண்ணன் பேர நான் ஒரு தடவகூட சொல்லல, வேணும்னுதான் சொல்லல. எங்க அண்ணி புருஷன் பேரச் சொல்லக்கூடாதுன்னு வளந்தவங்க, பென்ஷன் ஆபீஸ்ல கேட்டாக்கூட எழுதித்தான் காட்டுவாங்க. நேத்து ராத்திரி அவங்களே சொன்னாங்க, "நாளைக்கு நான் சொல்றேன்"னு.

அண்ணி, வாங்க. யாராவது மைக்க கொஞ்சம் கீழ இறக்கி வையுங்க.