மதம் இல்லாதவருக்குச் சட்டம் இடம் தந்துடுச்சா? "தரவில்லை" அணிப் பேச்சு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சீரியல் நேரத்தையும் விட்டுட்டு வந்து உக்காந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். "மதம் சாராதவர்களுக்குச் சட்டம் உரிய இடம் தந்துவிட்டதா, தரவில்லையா" இதான் தலைப்பு. நான் தரலைங்கிற கட்சி.

எனக்கு முன்னாடி பேசின அக்கா அருமையா பேசினாங்க. அரசியல் சட்டம் 25வது பிரிவு மனசாட்சி சுதந்திரம் குடுத்திருக்கு, சுயமரியாதைக் கல்யாணத்துக்குத் தமிழ்நாட்டுல சட்டமே இருக்கு, மந்திரியா பதவி ஏத்துக்கும்போது கடவுள் பேரச் சொல்லாம "உளமார உறுதி கூறுகிறேன்"னு சொல்லிக்கலாம், இன்னும் என்னதான் வேணும் உங்களுக்குன்னு கேட்டு கைதட்டலும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. மூணும் உண்மைதான், மறுக்கல. ஆனா மந்திரி ஆகுறவங்க ஊர்ல எத்தன பேருங்க? மிச்சப்பேரு கல்யாணம் பண்றோம், புள்ளைய ஸ்கூல்ல சேக்குறோம், சொத்து விட்டுட்டுப் போறோம், ஒருநாள் செத்தும் போறோம், அந்த இடத்துலல்லாம் சட்டம் நம்மள யாருன்னு எழுதுதுன்னு பாக்க வேணாமா?

கல்யாணத்துல ஆரம்பிப்போம், அக்கா ரொம்பப் பெருமையா சொன்ன விஷயம் அதான். 1928ல அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்துல பெரியார் தலைமையில புரோகிதர் இல்லாம மொத சுயமரியாதைக் கல்யாணம் நடந்துச்சு. அதுக்கப்புறம் ஊரு ஊரா நடந்துச்சு, ஆனா சட்டம் கண்டுக்கவே இல்ல. 1953ல ஒரு சொத்து வழக்குல மெட்ராஸ் ஹைகோர்ட்டு இந்த மாதிரிக் கல்யாணம் செல்லாதுன்னே சொல்லிடுச்சு. யோசிச்சுப் பாருங்க, ஊரறிய மாலை மாத்தி குடும்பம் நடத்தி புள்ள குட்டி பெத்தவங்கள பாத்து, உங்களுக்குக் கல்யாணமே ஆகலன்னு சொன்னா எப்படி இருக்கும்? அண்ணா ஆட்சிக்கு வந்து 1967ல சட்டத் திருத்தம் கொண்டுவந்து, 1968 ஜனவரியில ஜனாதிபதி ஒப்புதல் வந்த பிறகுதான் அந்தக் கல்யாணங்க எல்லாம், பழசும் சேத்து, செல்லும்னு ஆச்சு. நாப்பது வருஷம்! 2023ல சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒருபடி மேல போயி, இந்தக் கல்யாணத்த ஊரக் கூட்டித்தான் பண்ணணும்னு கட்டாயம் இல்லன்னும் தெளிவாக்கிடுச்சு.

சரி, நல்ல சட்டம்தான. ஆனா அது எந்தச் சட்டத்துக்குள்ள இருக்குன்னு அக்கா சொல்லவே இல்லையே. இந்து திருமணச் சட்டம், 7ஏ பிரிவு. இரண்டு இந்துக்களுக்கு இடையில நடக்குற கல்யாணம்னு எழுதியிருக்கு. அதாவது சாமி வேணாம், மந்திரம் வேணாம்னு நிக்கிறவரு, அதுக்காகவே போட்ட சட்டத்துல நொழையணும்னாகூட இந்துவாத்தான் நொழையணும். (சிரிக்காதீங்க, எழுத்துல அப்படித்தான் இருக்கு.) நான் இந்து இல்லப்பான்னு சொன்னா? அதே சட்டத்தோட 2வது பிரிவு, முஸ்லிமும் இல்ல, கிறிஸ்தவரும் இல்ல, பார்சியும் இல்ல, யூதரும் இல்லன்னா, இந்துச் சட்டம் பொருந்தாதுன்னு நிரூபிக்காத வரைக்கும் நீங்க இதுக்குள்ளதான்னு புடிச்சுப் போட்டுடுது.

இப்ப முஸ்லிம் வீட்டுல பொறந்த ஒரு நாத்திகப் பொண்ணும் இந்து வீட்டுல பொறந்த ஒரு நாத்திகப் பையனும் விரும்புறாங்கன்னு வைங்க. ரெண்டு பேருக்கும் கொள்கை ஒண்ணுதான், ஆனா 7ஏ கெடைக்காது. எந்த மதத்துக்காரங்களும் மதம் மாறாம கல்யாணம் பண்ணிக்கிறதுக்குன்னு இருக்கிற ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட், 1954க்குப் போகணும். அங்க முப்பது நாள் நோட்டீஸ், ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல யாரு வேணா வந்து படிக்கலாம், யாரு வேணா ஆட்சேபம் குடுக்கலாம். கோயில்ல தாலி கட்டுறவங்களுக்கு இந்து திருமணச் சட்டத்துல இப்படி ஒரு மாசம் ஊருக்குச் சொல்லிட்டு உக்காருன்னு எதுவும் கெடையாது. வீட்டுல எதிர்ப்புன்னுதான இவங்க இங்கயே வந்தாங்க, அந்த வீட்டுக்கே தகவல் போற மாதிரி ஒரு வழிய வச்சுட்டு இடம் குடுத்துட்டோம்னு சொல்றது, விருந்துக்கு வாங்கன்னு கூப்ட்டுட்டு திண்ணையிலயே உக்கார வைக்கிற கதைதான்.

சொத்து விஷயம் இன்னும் மோசம். மதத்த விட்டுட்டேன்னு நீங்க சொல்லலாம், உங்க சொத்து விடாது. இஸ்லாத்த விட்டு வெளிய வந்த கேரளப் பெண் ஒருத்தங்க, ஷரியத் எனக்கு வேணாம், பொதுச் சட்டமான 1925ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தயே எனக்கும் பொருத்துங்கன்னு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க, 2024ல கோர்ட்டு அத விசாரிக்க எடுத்துக்கிச்சு. ஷரியத் முறையில பொதுவா சொத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல உயில் எழுத முடியாது, மகனுக்குக் கெடைக்கிறதுல பாதிதான் மகளுக்கு. நம்பிக்கையே இல்லாத ஒருத்தங்க, தன் மகளுக்கு என்ன குடுக்கணும்ங்கிறத அந்த நம்பிக்கை முடிவு பண்றத எதுக்குங்க ஏத்துக்கணும்? நான் எந்த மதத்தயும் குறை சொல்ல வரல நடுவர் அவர்களே. இருக்கிறவங்க இருக்கட்டும், வெளிய வந்தவங்களுக்கு வாசல் எங்கன்னுதான் கேக்குறேன்.

சர்டிபிகேட்டுக்கு வருவோம். ஸ்கூல்ல சாதி மதம் போடாம சேக்கலாம்னு 1973லயே தமிழ்நாட்டுல அரசாணை இருக்கு, 2000லயும் திரும்பச் சொல்லிட்டாங்க. இருந்தும் திருப்பத்தூர் வக்கீல் சினேகா "சாதியும் இல்ல மதமும் இல்ல"ன்னு ஒரு காகிதம் வாங்க வருஷக்கணக்கா அலைஞ்சு 2019 பிப்ரவரியிலதான் வாங்கினாங்க. சரி, ஒருத்தருக்குக் குடுத்தாச்சு, அடுத்தவருக்கு ஈசியா கெடைக்கும்னுதான நெனைப்போம்? அடுத்தவரு கேட்டாரு, அப்படிக் குடுக்க தாசில்தாருக்கு அதிகாரம் இல்லன்னு சொல்லி ஹைகோர்ட்டுல தனி நீதிபதி தள்ளுபடி பண்ணாரு, அப்பீல் போயி 2025 ஜூன்லதான் ரெண்டு நீதிபதி பெஞ்சு, குடுங்க, இதுக்குன்னு ஒரு அரசாணையும் போடுங்கன்னு உத்தரவு போட்டுச்சு. உரிமைன்னா தாசில்தார் ஆபீஸ் கவுண்ட்டர்ல கெடைக்கணும். ஒவ்வொருத்தரும் வக்கீல் வச்சு வாங்கணும்னா அது உரிமை இல்லங்க, வழக்கு.

மதம் இல்லன்னு சொல்ல உரிமை உண்டுன்னு 2014ல பாம்பே ஹைகோர்ட்டு நல்ல தீர்ப்பு குடுத்துச்சு. அந்தக் கேஸப் போட்டது நாத்திகர்கூட இல்ல, ஏசுவ நம்புறோம் ஆனா நாங்க கிறிஸ்தவ மதம் இல்லன்னு சொன்னவங்க! நம்ம கேஸயும் அவங்களே ஜெயிச்சுக் குடுத்துட்டாங்க, அவங்களுக்கு இந்த மேடையிலேர்ந்து ஒரு நன்றி.

செத்த பிறகாவது விடுவாங்களான்னா அதுவும் இல்ல. கேரளாவுல மார்க்சிஸ்ட் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பர்ல இறந்தாரு. உடல மெடிக்கல் காலேஜுக்குக் குடுக்கணும்னு அவர் சொல்லியிருக்காருன்னு ஒரு பக்கம், இல்ல, கிறிஸ்தவ முறையில அடக்கம் பண்ணணும்னு மக ஒரு பக்கம். விஷயம் ஹைகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி கடைசியில உடல் தானம்தான் நின்னுச்சு. அவ்ளோ பெரிய தலைவருக்கே மாசக்கணக்குல மார்ச்சுவரியில காத்திருக்கணும்னா, உங்க தெரு டெய்லர் பெரியவர் "எனக்குச் சடங்கு வேணாம்பா"ன்னு சொல்லிட்டுப் போனா யாரு கேப்பா?

அக்கா கடைசியா ஒரு பயம் காட்டினாங்க, மதம் இல்லன்னு எழுதினா இட ஒதுக்கீடு போயிடும், அதான் யாரும் எழுத மாட்டாங்கன்னு. அக்கா, அது எங்க பாயிண்ட்டு! 1950ம் வருஷத்து ஜனாதிபதி ஆணையில இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர வேற மதத்தப் பின்பற்றுறவங்க பட்டியல் சாதியா கருதப்பட மாட்டாங்கன்னு இருக்கு. மதமே இல்லாதவரு என்ன ஆவாருன்னு ஒரு வரி இல்ல. தாத்தாவ தெருவுக்குள்ள விடாதவன், பேரன் சாமி கும்புடுறானான்னு கேட்டுட்டா விட்டான்? அவமானம் சாதியால வந்துச்சு, அதுக்கு ஈடு வாங்குறதுக்கு நம்பிக்கை இருக்கிற மாதிரி நடிக்கணுமா? நடிக்க வைக்கிற சட்டம் இடம் குடுத்த சட்டம்னு எப்படிச் சொல்றீங்க?

2011 சென்சஸ்ல "மதம் குறிப்பிடவில்லை"ன்னு 28 லட்சத்துக்கு மேல பேரு. அதுல கொள்கையோட சொன்னவரு யாரு, சும்மா விட்டவரு யாருன்னு பிரிக்கவே இல்ல, எல்லாம் ஒரே மூட்டை. அடுத்த கணக்கெடுப்பு 2027ல வருது, அதுலயாவது எங்களுக்கு ஒரு கட்டம் போடச் சொல்லுங்க, கல்யாணச் சட்டத்துல "இரண்டு இந்துக்கள்"ங்கிற எடத்துல "இரண்டு பேர்"னு மாத்தச் சொல்லுங்க... மணி அடிச்சிட்டீங்க, சரி. தரவில்லைன்னு தீர்ப்பு எழுதுங்க நடுவர் அவர்களே, நன்றி வணக்கம்.