சுவர் இருந்தால்தான் சித்திரம்

பெருமதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களே, அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் அரிமா சங்கத் தலைவர் அவர்களே, மாலையும் போட்டு மைக்கையும் சரிசெய்து கொடுத்த செயலாளர் தம்பி அவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஸ்பெயின் நாட்டுப் பாடகர் ரஃபேலைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: அவர் வளர்ந்த விதம், அவர் பாட்டு, அவர் கல்லீரல்.

1943-இல் லினாரெஸ் என்ற ஊரில் பிறந்தவர். கைக்குழந்தையாக மத்ரித் வந்து, நாலு வயதிலேயே பாடகர் குழுவில் சேர்ந்தார். 1966, 67 இரண்டு ஆண்டும் ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் ஸ்பெயினுக்காகப் பாடி, ஏழாவதாகவும் ஆறாவதாகவும் வந்தார். ஆனாலும் லத்தீன் அமெரிக்கா முழுக்க அவர் காதல் பாட்டுதான். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இவர் சுவரைக் கவனிக்கவில்லை.

கச்சேரி முடியும். கைதட்டல் காதிலேயே நிற்கும். ஓட்டல் அறைக்கு வந்தால் தூக்கம் வராது. அங்கே ஒரு குட்டி ஃபிரிட்ஜ், உள்ளே விரல் நீளத்துக்கு மதுப் பாட்டில்கள். ஒன்றைத் திறப்பார். தூக்கம் வராது. இன்னொன்று. மறுநாள் வேறு ஊர், வேறு ஓட்டல், அதே ஃபிரிட்ஜ்! குடிகாரர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாட்டில்தான் அவ்வளவு சின்னதாயிற்றே. உள்ளே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி என்ற வைரஸ் நோய் வேறு. கல்லீரல் போயே போய்விட்டது.

2003 ஏப்ரலில், மத்ரித் மருத்துவமனை ஒன்றில், முகம் தெரியாத ஒருவரின் கல்லீரலை அவருக்குப் பொருத்தினார்கள். அதே ஆண்டு மறுபடி மேடையேறினார். அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் உறுப்புக் கொடை பற்றியே பேசுகிறார். சுவர் இருந்தால்தானே, ஐயா, சித்திரம்!

ஸ்பெயினில் இது தற்செயல் இல்லை. 1989-லேயே இதற்கென்று தேசிய அமைப்பு வைத்தார்கள். மருத்துவமனைதோறும் ஒருங்கிணைப்பாளர், பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவரே. சட்டம் எல்லோரையும் கொடையாளராகவே கருதினாலும், வீட்டாரைக் கேட்காமல் எடுப்பதில்லை. இறந்தபின் கொடுப்பவர்கள் அங்கே ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 40-க்கும் மேல். இந்தியாவில் பத்து லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டில் கொடையாளருக்கு 2023 முதல் அரசு மரியாதை உண்டு என்பதாவது எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. நிரப்பினால் மட்டும் போதாது, வீட்டில் சொல்லிவிடுங்கள். கடைசியில் மருத்துவர் கேட்கப்போவது அவர்களைத்தான். ஆட்சியர் அவர்களுக்கு அடுத்த கூட்டம் இருக்கிறதாம், தம்பி சீட்டு நீட்டுகிறார். அவர் கிளம்புவதற்குள் முதல் படிவத்தை அவர் கையால் வாங்கிக்கொள்ள யார் வருகிறீர்கள்?