எந்த ஆலங்குடி?

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரி முடித்ததும் டிவி ரிப்போர்ட்டர் ஆக விரும்பும் பிள்ளைகளுக்காகப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி. ஆலங்குடி எங்கே இருக்கிறது?

குரு பகவானைக் கும்பிடப் போனவர்கள் "திருவாரூர் மாவட்டம்" என்பீர்கள். புதுக்கோட்டைக்காரர்கள் "எங்க ஊர்ப் பக்கம்தான், தாலுகாவே ஆலங்குடிதான்" என்பீர்கள். இரண்டும் சரி. இந்த இரண்டு ஆலங்குடியும் சேர்ந்துதான் எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தன. அதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். ரிப்போர்ட்டர் ஆகத்தான் சேர்ந்தேன், ஆனால் கையில் மைக் தரவில்லை. அசைன்மென்ட் டெஸ்க்கில் உட்காரவைத்துவிட்டார்கள். மாவட்டங்களிலிருந்து வரும் போனை எடுப்பது, கேட்டதை நாலு வரியாக எழுதுவது, மற்ற சேனல்களில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பது, ஆங்கிலத்தில் வரும் ஏஜென்சி செய்தியைத் தமிழில் தருவது. இன்றைக்கும் புதிதாகச் சேருகிறவர்கள் பலருக்கு இதுதான் முதல் நாற்காலி. மனசு விட்டுப் போகும். போக வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

குருப்பெயர்ச்சி சமயம். மத்தியானம் ஒரு போன். "சார், ஆலங்குடி பக்கத்துல வேன் கவுந்துடுச்சு. ஏழெட்டுப் பேருக்கு அடி. விஷுவல் அனுப்புறேன்." வைத்துவிட்டார். அவர் புதுக்கோட்டை ஸ்டிரிங்கர், அதாவது செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் உள்ளூர் நிருபர். தினமும் பேசுகிறவர். டெஸ்க்கில் பழைய ஆட்களுக்கு அவர் குரலே அடையாளம். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஆலங்குடி ஒன்றுதான். அம்மாவோடு போய் நெய் விளக்கு ஏற்றிய ஆலங்குடி.

எழுதினேன் பாருங்கள்: "ஆலங்குடி குரு கோயில் அருகே வேன் கவிழ்ந்து விபத்து." குரு கோயில் என்று அவர் சொல்லவே இல்லை. அது நான் போட்டது. ஊர்ப் பெயரில் தப்பு நடப்பது உண்டு, மன்னித்துவிடலாம். சொல்லாததைச் சேர்த்தேனே, அதற்குத்தான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

இருபது நிமிடம் ஸ்க்ரோலில், அதாவது திரையின் அடியில் ஓடும் எழுத்தில், ஓடியது. அப்புறம் போன் அடிக்க ஆரம்பித்தது. சேலத்திலிருந்து ஒரு பெண். "எங்க அப்பா அம்மா அந்தக் கோயிலுக்குத்தான் வேன்ல போயிருக்காங்க. போன் எடுக்க மாட்டேங்கிறாங்க. பேரு ஏதாவது தெரியுமா?" இப்படி ஒன்று, இரண்டு, பத்து. பின்னால் வந்து நின்ற மூத்த ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்த ஆலங்குடி?"

ஸ்க்ரோலை எடுத்தார்கள். திட்டவில்லை. கூப்பிட்டவர்களின் எண்களை என் முன்னால் வைத்து, "ஒவ்வொருத்தருக்கும் நீயே பேசு" என்றார். பேசினேன். சேலத்துப் பெண்ணுக்குப் பேசும்போது அவர் அப்பா கிடைத்துவிட்டிருந்தார். தரிசன வரிசையில் நின்றிருக்கிறார், செல்போன் பையில். நான் மன்னிப்புக் கேட்டதை அந்தப் பெண் முழுசாகக் கேட்டுக்கொண்டார். "உங்க பேரு என்ன தம்பி?" என்றார். சொன்னேன். வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி ஒரு நோட்டு வாங்கினேன். இரட்டை ஊர்கள் என்று தலைப்புப் போட்டேன். திருமங்கலம் மதுரையிலும் இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது. ஆலங்குளம் தென்காசியில் ஒன்று, விருதுநகரில் ஒன்று. புதுப்பேட்டைக்குக் கணக்கே இல்லை. ஊர், தாலுகா, மாவட்டம், பக்கத்துப் பெரிய ஊர், அங்கே யாரைக் கேட்டால் தெரியும். இதுதான் நோட்டு. படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கே ஆரம்பிக்கலாம், காசு செலவில்லை.

சரி, கூகுள் மேப் இருக்கிறதே என்பீர்கள். அது உதவாத நாளும் உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கேமராக்கள் வரிசையாக நின்றன. கடற்கரையில் நின்று பேசினால்தானே புயல் மாதிரி தெரியும்! ஆனால் காற்று உள்ளே போய்ப் பேராவூரணி, பட்டுக்கோட்டை, கீரமங்கலம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டது. ஆமாம், நம்ம புதுக்கோட்டை ஆலங்குடியையும்தான். மின்சாரம் இல்லை, செல்போன் டவர் இல்லை. அங்கே போய்ச் சேர்ந்து முதலில் சொன்னவர்களில் பலர் செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஸ்டிரிங்கர்கள். எந்தப் பாதையில் மரம் விழுந்திருக்கும், எந்த வாய்க்கால் கரையில் பைக் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். திரையில் முகம் வராது. அவர்களை அண்ணே என்று கூப்பிட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஊரைச் சரியாகச் சொல் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். ஊரைச் சொல்லவே கூடாத செய்தியும் உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 23-ஆவது பிரிவு. பெயர், படம் மட்டும் இல்லை. முகவரி, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கிவிட்டு, தெருவையும் வீட்டு வாசலையும் காட்டுகிறார்கள். அந்தத் தெருக்காரர்களுக்கு அது யார் வீடு என்று தெரியாதா? புதிதாகச் சேர்ந்தவர்தான் அந்த விஷுவலை எடுத்து வருவார், டெஸ்க் கேட்டது என்பார். தர மாட்டேன் என்று சொல்லும் தெம்பு முதல் மாதத்திலேயே வேண்டும். நான் அதற்கு ரொம்ப நாள் எடுத்துக்கொண்டேன்.

வாய்ப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சென்னைத் தூர்தர்ஷன் 1975-இல் வந்தது. அப்போது செய்தி என்றால் ஒரு வேளைச் சாப்பாடு மாதிரி. 2011-இல் புதிய தலைமுறை, 2012-இல் தந்தி டிவி, 2014-இல் நியூஸ் 7 என்று வரிசையாக வந்து, நாள் முழுக்க அடுப்பு எரிகிறது. ஆள் தேவைதான். ஆனால் தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரியாமல் வருகிறார்கள். தமிழ் 99 விசைப்பலகையை ஒரு மாதம் உட்கார்ந்து பழகிவிட்டு வாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். கேமரா முன் நின்று பேசுவது, பைட் எடுப்பது, அதாவது ஒருவர் சொல்வதைச் சுருக்கமாகப் பதிவு செய்வது, கேமராமேனோடு சண்டை போடாமல் இருப்பது எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன், போச்சு! நேர்காணலை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு செய்தியைக் கொடுத்து நாலு வரியில் எழுதச் சொல்வார்கள், ஒரு நிமிடம் பேசச் சொல்வார்கள். உங்கள் ஊரில் செல்போனில் நீங்களே எடுத்த இரண்டு செய்திகளைக் கையில் வைத்திருங்கள். குடிநீர்த் தொட்டி, பேருந்து வராத கிராமம், எதுவானாலும் சரி. கேள்வி கேட்கும் இடத்தில் நான் உட்கார்ந்தால் முதல் கேள்வி, "உங்கள் ஊர் எந்தத் தாலுகா?" சொந்த ஊர்த் தாலுகாவுக்கே பலர் யோசிக்கிறார்கள்.

சம்பளம்... நேரம் இல்லை. பயிற்சிக் காலம் எத்தனை மாதம், அதற்குப் பிறகு எவ்வளவு, இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள். வணக்கம்.