செட்டருக்கு மதிப்பெண் போடும் முன்

வணக்கம் நேயர்களே. 12 முதல் 16 வயது வரையுள்ள பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் வாலிபால் சொல்லித்தரும் உடற்கல்வி ஆசிரியர்களை மனதில் வைத்து, செட்டரைப் பற்றி, அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவரைப் பற்றி இன்று பேசுகிறேன். அவர் தூக்கிக் கொடுப்பதுதான் செட்.

செட் கெட்டுப்போனால் உடனே கையைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குறை காலில்தான் இருக்கும். பந்துக்கு அடியில் போய் நிற்பதற்குள் கையை நீட்டினால், ஒரு கை முந்தும், மற்றது பிந்தும். பந்து சுழலும், நடுவர் டபுள் டச், அதாவது ஒருவரே இருமுறை தொட்டார் என்று விசில் ஊதுவார். அணியின் முதல் தொடுதலில், ஒரே அசைவில் பந்து அடுத்தடுத்துப் பட்டால் விதி அனுமதிக்கிறது. செட்டர் தொடுவது இரண்டாவது தொடுதல். அந்தச் சலுகை அவருக்குக் கிடையாது.

ஆகவே வரிசை இதுதான்: ஓடு, நில், பிறகு கையைத் தூக்கு. வலைக்குப் பக்கத்தில் உள்ள கால் அரையடி முன்னால் இருக்கட்டும். பந்து நெற்றிக்கு மேலே வர வேண்டும். கட்டைவிரல்கள் கண்ணை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். அவை பந்தை நோக்கி நீண்டிருந்தால் சுளுக்கு நிச்சயம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை பந்தைத் தாங்கித் தள்ளும். மற்ற இரண்டும் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும்.

இனி, பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் உள்ள வித்தியாசம். பந்து இருவருக்கும் ஒன்றே, 260 முதல் 280 கிராம். வலைதான் வேறு: பெரியவர்கள் ஆட்டத்தில் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. உயரம் மளமளவென்று கூடும் காலம் பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 12 வயதில் வருகிறது, பையன்களுக்குச் சுமார் 14-இல். அதனால் ஏழாம் வகுப்பில் பல பெண் பிள்ளைகள் பையன்களைவிட உயரமாக இருப்பார்கள். தோள் வலுவில் பெரிய இடைவெளி தெரிவது அதற்குப் பிறகுதான்.

பெண் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை, தூரத்துக்காகக் கையை மார்புவரை இறக்குவது. வலையை ஒட்டிய முன்வரிசையில் வலப்பக்கம் 2-ஆம் இடம், நடு 3, இடப்பக்கம் 4. செட்டர் நிற்கும் 2-க்கும் 3-க்கும் நடுவிலிருந்து 4-ஆம் இடத்து ஓரத்துக்கு ஆறு மீட்டர் போல இருக்கும். தோள் அவ்வளவு தள்ளாது என்று பயந்து பந்தைக் கீழே வாங்குகிறார்கள், அது பந்தைப் பிடித்துத் தள்ளிய பிழையாகிவிடும். முழங்காலை இன்னும் மடக்கி, காலும் முழங்கையும் ஒரே நேரத்தில் நிமிரப் பழக்குங்கள். நான்கு மீட்டரில் தொடங்கி, பத்துக்கு எட்டு சரியாக வந்தபின் அரை மீட்டர் கூட்டுங்கள். உயரம் குறைந்த பெண்ணைச் செட்டராக்கத் தயங்க வேண்டாம். ஜப்பானின் யோஷியே தகேஷிடாவின் உயரம் 159 சென்டிமீட்டர். 2006 உலகச் சாம்பியன்ஷிப்பில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர் அவர்.

பையன்களிடம் பிழை வேறு மாதிரி. ஒரே வருடத்தில் கை நீண்டுவிடுகிறது, பழைய கணக்கு தப்புகிறது. அதே சமயத்தில் குதித்துச் செட் செய்ய ஆசைப்படுகிறார்கள். உச்சியில் தொட வேண்டிய பந்தை இறங்கும்போது தொட்டால் அது குட்டையாகவே விழும். நின்ற இடத்திலிருந்து சீராக வராதவரைக்குக் குதிக்க விடாதீர்கள்.

செட்டின் உயரம் என்பது அடிப்பவருக்குக் கொடுக்கும் நேரம். கையிலிருந்து 3 மீட்டர் எழும்பும் பந்து அதே மட்டத்துக்குத் திரும்ப ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகும். 1 மீட்டர் மட்டும் எழும்பினால் 0.9 விநாடிதான். பாஸ், அதாவது செட்டருக்கு வரும் முதல் தொடுதல், கெட்ட பந்தில் வேகமான செட் கேட்பது அடிப்பவரையும் சேர்த்துக் கெடுக்கும். பெண் பிள்ளைகளின் ஆட்டத்தில் ராலி, அதாவது ஒரு புள்ளிக்கான பந்து போக்குவரத்து, நீள்வதால் செட்டர் மூலைக்கு மூலை ஓடி எடுக்கும் பந்துகள் அதிகம். அவர்களின் பயிற்சியில் பாதி நேரத்தையாவது ஓடி வந்து செட் செய்வதற்கே ஒதுக்குங்கள். எட்டாத பந்தை இரு கையையும் சேர்த்து, முன்கையால் உயரமாகத் தூக்கிவிடுவதில் வெட்கமே இல்லை.

மதிப்பெண் போடும்போது பாஸையும் சேர்த்து எழுதுங்கள். சோதனைக்கு மூன்று வகைப் பந்து, வகைக்குப் பத்து: வலையருகே நேராக வருவது, வலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளியுள்ள கோட்டருகே விழுவது, பின்வரிசைக்குத் துரத்திப்போய் எடுப்பது. பந்து வலையிலிருந்து அரை முதல் ஒரு மீட்டர் தள்ளி, ஓரக்கோட்டுக்கு ஒரு மீட்டருக்குள் இறங்கினால் 3. அடிக்க முடிகிறது, ஆனால் இடம் தப்பியது என்றால் 2. தட்டிவிட மட்டுமே முடிந்தால் 1. விசில் ஊதினாலோ பந்து வலை தாண்டினாலோ சைபர். உயரத்துக்கு, வலையின் இரு ஓரத்திலும் நிற்கும் கம்பியான ஆன்டெனாவே அளவுகோல்: வலைக்கு மேல் 80 சென்டிமீட்டர் நிற்கும் அதன் நுனியைப் பந்து தாண்டுகிறதா என்று பாருங்கள். மூன்று வகைக்கும் கூட்டுத்தொகையைத் தனித்தனியாக வையுங்கள். முதல் வகையில் 27, மூன்றாவதில் 9 வாங்கும் பிள்ளைக்கு விரல் பயிற்சி தேவையில்லை, காலுக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும். மூன்றிலும் 15-ஐ ஒட்டியே நிற்பவருக்குக் கை வைக்கும் முறையை முதலிலிருந்து பாருங்கள்.